91 தெரியும், 88?

எங்க தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீடு, பத்துப் பன்னிரண்டு பேர், முடிந்ததும் டீ. 2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு மறுபடி கூடியபோது, சேர்ந்து சங்கீதம் படிக்கலாம் என்று முடிவானது. முதல் வாரமே 91. அந்த இரண்டு வருஷமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருந்த சங்கீதம் அது.

பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்ற பொருளில் வருகிற ஏழாம் வசனத்தை வைத்து ஒருவர் சாட்சி சொன்னார். அந்த அலையில் கணவரைப் பறிகொடுத்த அக்கா ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "அப்போ எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஒருவர் பாட்டை எடுத்துவிட்டார், நானும் சேர்ந்துதான் பாடினேன். அடுத்த வாரத்திலிருந்து அக்கா வரவில்லை.

அன்றிலிருந்து நாம் சங்கீதம் படிக்கிற முறையையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு வசனம் வாசிப்போம், "இந்த வசனம் என்னோடு பேசியது" என்று ஒவ்வொருவரும் சொல்வோம். நிருபங்களுக்கு இது ஓரளவு சரிப்படும். சங்கீதம் கவிதை. அதைத் துண்டு போட்டால் உயிர் போய்விடும்.

13-ஆம் சங்கீதத்தைப் பாருங்க. ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு வசனம் கெஞ்சல். கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். முதல் வசனம் யார் பங்குக்கு வருகிறதோ அவர் சங்கடத்தோடு அதைத் தாண்டிப் போவார், ஆறாம் வசனம் கிடைத்தவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ஆனால் அந்தப் பாட்டு நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் பிறக்கிறது. ஆறாம் வசனத்தை மட்டும் கிழித்து எடுத்தால் அது வாக்குத்தத்த அட்டை ஆகிவிடும்.

88-இல் அந்தத் திருப்பமும் கிடையாது. பதினெட்டு வசனம், முழுக்கப் பாதாளமும் தனிமையும். ராத்திரி, பகல், காலை என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பதில் வரவில்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. 150 சங்கீதங்களை வகை பிரித்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் வழிவந்த ஆய்வுகளின்படி, எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை புலம்பல்கள்தான். நம் கூட்டங்களில் எத்தனை படித்திருக்கிறோம்?

தவிர்ப்பது நம் தெருவோடு நிற்கவில்லை. 137-ஆம் சங்கீதத்திலிருந்து பிறந்த பாபிலோன் நதிக்கரைப் பாட்டை 1978-இல் போனி எம் உலகமெங்கும் கொண்டுபோனார்கள். அதில் சங்கீதத்தின் கடைசிச் சாபம் இல்லை. 1971-இல் வந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 மூன்றையும் முழுவதும் விட்டுவிட்டார்கள். காரணம் புரிகிறது. ஆனால் கோபத்தையும் அழுகையையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டால், மிஞ்சுவது நல்லபடியாக இருப்பவர்களின் புத்தகம் மட்டுமே.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "புதுசா வர்றவங்க முன்னாடி இதையெல்லாம் வாசிச்சா சோர்ந்து போவாங்க. அவங்கவங்க கஷ்டத்தைக் கிளறணுமா?" நியாயமான பயம்தான். தெருக் கூட்டம் என்பது ஆலயம் மாதிரி இல்லை. இன்றைக்குக் கண்ணீரோடு சொல்லும் ஜெபக்குறிப்பு நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் ஊர்க்கதை ஆகிவிடும். குடிக்கிற மகன், வட்டிக் கடன் என்று யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்?

ஆனால் அதனால்தான் புலம்பல் சங்கீதம் தெருவுக்குத் தேவை என்று நினைக்கிறேன். அதில் எதிரிக்குப் பெயர் கிடையாது. நோய் என்ன நோய் என்றும் இருக்காது. நம் வீட்டு விஷயம் ஒன்றையும் வெளியே சொல்லாமல், வேறொருவர் வார்த்தையில் அழுதுவிடலாம். கெஸ்டாப்போ 1937-இல் மூடிய ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியின் அனுபவத்திலிருந்து டீட்ரிக் போன்ஹோஃபர் 1939-இல் வெளியிட்ட சிறு நூலில், என் நிலைமைக்குப் பொருந்தாத சங்கீதத்தை நான் எப்படி ஜெபிப்பது என்ற கேள்வி வருகிறது. அவருடைய பதில் கிறிஸ்துவையும் அவருடைய சரீரமான சபையையும் பற்றியது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: இன்றைக்கு எனக்குப் பொருந்தாத அழுகை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையதாக இருக்கலாம். அவருக்காக நான் அதை வாசிக்கிறேன்.

91-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மத்தேயு நான்காம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையில் அதைத் துண்டாக எடுத்துச் சொல்கிறவன் யார் என்பதையும் மறக்க வேண்டாம். 91 படிக்கிற வாரத்துக்கு அடுத்த வாரம் 88-ஐயும் படிக்கலாம். ஒருவர் முழுவதையும் வாசிக்கட்டும். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம். உடனே பாட்டு எடுக்கவும் வேண்டாம்.

அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. ஆனால் அதே கேள்வியை வேதத்துக்குள்ளேயே ஒருவர் கேட்டிருக்கிறார் என்று அன்றைக்கே அவருக்குக் காட்டியிருக்கலாம். புத்தகம் எங்கள் மடியில்தான் இருந்தது. மூன்று பக்கம் பின்னால் திருப்பியிருந்தால் போதும்.