மதத்தின் பெயரால் ஒரு முதலாளி

மறைமலை நகரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. நிறையப் படித்தவர். "இஸ்லாமிய சமூகங்களில் மதத்தையும் அரசியலையும் பிரிக்கவே முடியாது, ஸார்!" என்று அடித்துச் சொல்லுவார். கெய்ரோவையும் டெஹ்ரானையும் உதாரணம் காட்டுவார். அவ்வளவு தூரம் போவானேன்? தேங்காய்ப்பட்டணம் வரை போனாலே இந்த விஷயம் விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் புத்தகமாக வந்தது. கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்துக் கதை அது. தேர்தலோ சட்டசபையோ கதையில் முக்கியமில்லை. ஆனாலும் அரசியல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஊரை ஆள்பவர் வடக்கு வீட்டு அகமது கண்ணு முதலாளி. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் மார்க்கத்துக்கு ஆகாது என்கிறார் அவர். படித்த பையன் நாளைக்குத் தம் எதிரில் கைகட்டி நிற்கமாட்டான் என்ற பயம்தான் உள்ளே இருப்பது. ஆசிரியர் இதைப் பிரசங்கமாகச் செய்யாமல் நம்மையே கண்டுகொள்ள விட்டுவிடுகிறார்.

முதலாளியை எதிர்க்கும் மஹ்மூது சுறாப்பீலி வியாபாரம் செய்யும் சாமானியன், நாஸ்திகன் அல்ல. மதத்துக்குள் நின்றபடியே நியாயம் கேட்கிறான். நண்பர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 1924இல் துருக்கி கிலாபத்தை ஒழித்தது. மறு வருஷமே எகிப்தில் அலி அப்துர் ராஸிக் என்ற மார்க்க நீதிபதி, இஸ்லாம் இன்ன ஆட்சிமுறைதான் வேண்டும் என்று விதிக்கவில்லை என்று புத்தகம் எழுதினார். அல் அஸ்ஹர் உலமாக்கள் அவரைத் தங்கள் வரிசையிலிருந்தே நீக்கினார்கள். அப்போது மன்னர் புவாதுக்குக் கலீபாவாகும் ஆசை இருந்தது என்பார்கள். வாதம் புரிந்த இரு தரப்பாரும் முஸ்லிம்களே.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. ஊரை ஏமாற்ற வரும் தங்ஙள் ஒரே வர்ணத்தில் தீட்டப்பட்ட பாத்திரம். அவரைக் கண்டு சிரித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். மனதார நம்பி முதலாளிக்குத் துணை நிற்கும் ஓர் ஆலிமைப் படைத்திருந்தால் நம் தூக்கம் கெட்டிருக்கும். மலையாளமும் அரபியும் கலந்த நடைக்கு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிறகு அந்த நடையே கடல் வாசனையைக் கொண்டுவந்துவிடுகிறது.

கோயில் தர்மகர்த்தா பதவிக்காக நடக்கும் சண்டைகளை அறிந்த ஹிந்து வாசகர்களுக்கு இந்த முதலாளி அந்நியராகத் தோன்றமாட்டார். நண்பருக்கு இந்த நாவலைத்தான் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன்.