நான்டிஸ்கிரிப்ட் ஊரும் ஒரு புளியமரமும்

எங்கள் குமரி மாவட்டத்து ஊர்களைப் பற்றி எழுத ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு சொல்லைக் கைவசம் வைத்திருக்கின்றன: நான்டிஸ்கிரிப்ட். கொலையோ வெள்ளமோ, எது நடந்தாலும் அது ஒரு நான்டிஸ்கிரிப்ட் கிராமத்தில்தான் நடக்கும். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத, பத்தோடு பதினொன்றான இடம் என்று அர்த்தம். இப்போது நம் சிறுகதைகளிலும் அது வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'அது ஒரு சாதாரண ஊர்.' அவ்வளவுதான், ஊர் முடிஞ்சது. அடுத்த வரியில் நாயகன் டீ குடிக்கிறான்.

சொல்லின் பிறப்பு வேறு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இயற்கை ஆய்வாளர்கள் புழங்கியது அது. இதுவரை யாரும் விவரித்து எழுதாத செடியோ பூச்சியோ நான்டிஸ்கிரிப்ட். அப்படியொன்று அகப்பட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். பிறகு 'எந்த வகையிலும் அடங்காதது' என்றாகி, கடைசியில் 'கவனிக்கத் தேவையில்லாதது' என்று வந்து நின்றது. எழுதுகிறவனின் சோம்பலை ஊரின் தலையில் கட்டியாயிற்று.

புளியமரத்தையே எடுத்துக்கொள்வோம். 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' முதல் தொகுதியிலேயே அது உண்டு. 1753இல் லின்னேயஸ் அதற்கு லத்தீன் பெயரும் வைத்துவிட்டார். அறிவியலுக்கு அது விவரித்து முடித்த மரம். ஆனால் நாகர்கோவில் சாயலுள்ள ஓர் ஊரின் ஜங்ஷனில் நின்ற அந்த ஒற்றைப் புளியமரம் 1966 வரை, பழைய அர்த்தத்தில், நான்டிஸ்கிரிப்ட். அந்த ஆண்டில்தான் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' புத்தகமாக வந்தது.

மரத்தை அழகாக்க அவர் மெனக்கெடவே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. இலையையும் பூவையும் பாடாமல், அதைச் சுற்றி முன்பிருந்த குளம், ஆசான் சொல்லும் கதைகள், கடைகள், முனிசிபாலிட்டி என்று மரத்தின் மேல் வந்து விழுந்த மனித ஆசைகளைக் கொண்டே அதை விவரிக்கிறார். அது பாட்டுக்கு நிற்கிறது, அதனாலேயே சாகிறது. நாவல் தொய்வது எங்கே தெரியுமா? தேர்தலும் வியாபாரப் போட்டியுமாகப் 'பெரிய' சம்பவங்கள் நடக்கிற பின்பாதியில். அங்கே மனிதர்கள் கேலிச்சித்திரங்களாகிவிடுகிறார்கள். ஆசான் பேசப் பேச விரிந்த ஊர் அதற்குப் பிறகு அந்த அளவுக்கு விரிவதில்லை. (ஆசானுக்காகவே இரண்டு முறை படித்தவன் நான்.)

நாஞ்சில் நாடனும் தோப்பில் முகமது மீரானும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். அவர்களுக்குப் பிறகும் நம் கதைகளில் டீக்கடை வெறும் டீக்கடையாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்க பக்கம் கடை வாசலில் குலை தொங்கும். மட்டியா, செந்துளுவனா, பாளையங்கோட்டானா என்று சொன்னாலே கடைக்கும் வருகிறவனுக்கும் ஒரு முகம் வந்துவிடும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அரசாங்கக் கோப்பில் அதன் மணமும் ருசியும் ஏறியாச்சு. கதையில் மட்டும் அவன் இன்னும் 'ஒரு வாழைப்பழத்தை'ப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான்.