குன்றுறை மாந்தரும் கார்த்திகைத் தீயும்: எவன்ஸ் வென்ட்ஸின் ஆய்வுமுறையை முன்வைத்துத் திருவண்ணாமலை வழக்காறுகள்

முன்னுரை

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு, வேல்ஸ், கார்ன்வால், பிரிட்டனி ஆகிய ஆறு கெல்டிய நிலப்பகுதிகளில் மக்களிடம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டி, குன்றுகளில் உறைவதாக நம்பப்படும் மாந்தரைப் பற்றி 1911இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர் டபிள்யூ. ஒய். எவன்ஸ் வென்ட்ஸ். அவரே 1935 ஜனவரியில் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியைச் சந்தித்தார். குன்று வழக்காறுகளை ஆராய்ந்த ஒருவர், குன்றையே இறைவனாக வழிபடும் ஊருக்கு வந்தும் அதன் வழக்காறுகள் அவர்தம் உரையாடலில் இடம்பெறவில்லை. இந்த இடைவெளியைச் சுட்டி, அவருடைய முறையியல் இவ்வூர் ஆய்வுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நூலின் வலிமை

எவன்ஸ் வென்ட்ஸின் நூல் சான்றுகளை முதலில் வைத்து, கோட்பாட்டைப் பின்னர் வைக்கிறது. கூறியவர் யார், எவ்வூரினர், எம்மலையைச் சுட்டிக் கூறினார் என்பவை இயன்றவரை பதிவாகியுள்ளன. அயர்லாந்துப் பகுதிக்கு டக்ளஸ் ஹைடும் வேல்ஸ் பகுதிக்கு ஜான் ரீஸும் முன்னுரை வழங்கினர். அம்மாந்தர் உண்மையிலேயே உளர் என்று ஆசிரியர் எடுக்கும் முடிவை ஏற்க இயலாதவர்க்கும் இச்சான்றுகள் பயன்படும். 1890இல் வெளிவந்த ஃபிரேசரின் ‘பொற்கிளை’ நூல்வழிச் செய்திகளைத் தொகுத்துப் பொதுமை கண்டது. எவன்ஸ் வென்ட்ஸ் களத்தில் நடந்து தனித்தன்மையைக் காத்தார்.

‘தேவதை’ என்னும் பெயர்ப்பின் குறை

ஐரிஷ் மொழியில் ‘சீ’ என்னும் சொல் மேட்டையும் அதனோடு இயைந்த மாந்தரையும் குறிக்கும். இதனைத் தமிழில் ‘தேவதை’ என்று பெயர்க்கையில் சிறகு முளைத்த சிறுபெண் உருவமே மனத்தில் எழுகிறது. நிலத்தோடு உள்ள பிணைப்பு அறுபடுகிறது. சங்க இலக்கியத்தின் ‘அணங்கு’, திருமுருகாற்றுப்படையில் வரும் ‘சூரர மகளிர்’ ஆகியவை இதற்கு நெருக்கமானவை. இவையும் மலையைச் சார்ந்தவை; அச்சமும் அழகும் ஒருங்கே உடையவை. எனினும், அண்ணாமலையில் காணா வடிவில் உலவுவதாக நம்பப்படும் சித்தர்களை இவ்வரிசையில் வைத்தல் பொருந்தாது. ‘சீ’ மாந்தரை மக்கள் அஞ்சி விலகுவர். சித்தரையோ நாடிச் சென்று வலம் வருவர்.

பருவத் தீயும் ஏற்றும் உரிமையும்

அகநானூற்று 141ஆம் பாடல், மழை நீங்கி உழுபடை ஓய்ந்த காலத்தில், நிறைமதி அறுமீனைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கேற்றிய விழாவைக் காட்டுகிறது. அங்குச் சிவனும் இல்லை, அண்ணாமலையும் இல்லை. உழவுப் பருவத்தின் ஓய்வே அவ்விழாவின் சூழல். அடிமுடி தேடிய புராணம் இதன்மேல் பின்னர் அமைந்த பொருள்விளக்கம் எனக் கொள்ள இடமுண்டு. சுற்று வட்டாரச் சிற்றூர்களில் கொளுத்தப்படும் சொக்கப்பனையும், பனம்பூக் கரியைத் துணியில் கட்டிச் சுழற்றிப் பொறி பறக்கவிடும் மாவளியும் அப்பழைய அடுக்கை நினைவூட்டுகின்றன. தீபத் திருவிழாவின் கொடியேற்றத்திற்கு முன்னர் துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் ஆகியோர்க்கு எடுக்கப்படும் விழாக்களும் இவ்வகையில் கருதத்தக்கவை. எல்லைத் தெய்வத்தின் இசைவு பெற்ற பின்னரே பெருங்கோயில் தன் விழாவைத் தொடங்குகிறது.

அயர்லாந்துடன் ஒப்பிடும்போது ‘அங்கும் தீ, இங்கும் தீ’ என்பதோடு நிற்றல் பயனற்றது. தீயை முதலில் ஏற்றும் உரிமை யாருடையது என்பதே ஆழமான ஒப்பீடு. ஏழாம் நூற்றாண்டில் மூர்ஹூ எழுதிய புனித பேட்ரிக் வரலாற்றில், அரசனின் தீக்கு முன்னர் எவரும் தீ மூட்டலாகாது என்னும் கட்டளையை மீறிப் பேட்ரிக் பாஸ்காத் தீயை ஏற்றுகிறார். மரபு அந்நிகழ்வை ஸ்லேன் குன்றுக்கு உரியதாக்குகிறது. புதிய சமயம் பழைய உரிமையைக் கைப்பற்றிய கதை அது. திருவண்ணாமலையில் நிகழ்ந்தது வேறு. விடியலில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. மாலையில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் கணத்தில் கீழிருந்து குறிப்புக் கிடைக்க, 2668 அடி உயர மலையுச்சியில் மகாதீபத்தை ஏற்றுவோர் மீனவ மரபினரான பர்வதராஜ குலத்தினர். அத்தீயைக் கண்ட பின்னரே ஊரார் தம் இல்லங்களில் விளக்கேற்றுவர். கோயில் தீயின் பொருளைத் தனதாக்கிக்கொண்டது. தீயை ஏற்றும் கை மக்களிடமே தங்கியது.

விடுபட்ட குரல்கள்

ஆசிரம உரையாடல் தொகுப்பில் எவன்ஸ் வென்ட்ஸ் கேட்டனவாகப் பதிவானவை பெரும்பாலும் யோக ஆசனம், மான்தோல், தனிமை, மௌனம் முதலியன பற்றியவை. அத்தொகுப்பு ஆசிரமத்தின் பதிவேயன்றி அவருடைய களக்குறிப்பன்று. ஆகவே அவர் வேறெதையும் கேட்டறியவில்லை என்று முடிவு கட்டுதல் தகாது. ஆயினும் ஒரு போக்கு புலனாகிறது. மேற்கில் உழவரும் மீனவரும் சான்றாளராயினர். கீழ்த்திசைக்கு வந்தபோது ஞானியே சான்றாளரானார். இந்தியாவைத் தத்துவ நாடாக மட்டுமே கண்ட அக்காலப் பார்வையின் விளைவு இது. தலபுராணத்தையே சான்றாகக் கொண்டு அமைந்துவிடும் தமிழ்க் கட்டுரைகளும் இக்குறையினின்று விடுபட்டவை அல்ல.

முடிவுரை

2024 டிசம்பரில் ஏற்பட்ட மண்சரிவை அடுத்து, அவ்வாண்டுத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபப் பணிக்கு உரியவர்களே சென்றனர். எவர் இன்றி இவ்விழா நிகழாது என்பதை அந்நாள் காட்டியது. கொப்பரையும் நெய்யும் சுமந்து ஏறுவோர், பிடாரி விழாவின் முறைகாரர், மாவளி கட்டத் தெரிந்த முதியோர் ஆகியோரின் கூற்றுகளை ஊரும் இடமும் குறித்து முறையாகப் பதிவு செய்தல் இன்றைய தேவை. கெல்டிய நிலங்களில் எவன்ஸ் வென்ட்ஸ் காட்டிய பொறுமை அப்பணிக்கு முன்மாதிரி. திருவண்ணாமலையில் அவர் விட்டுச்சென்ற இடைவெளி அதற்கான தொடக்கம்.