அரசருக்குப் பின்னால் ஒரு யானை

வெள்ளிக்காசில் ஐரோப்பிய அரசர்களின் முகம் பெரும்பாலும் எனக்குச் சலிப்பூட்டும். தடித்த கழுத்து, சுருட்டை முடி, தலையில் ரோமானிய வெற்றிமாலை. யாரைப் பார்த்தாலும் சீசர்தான்! இலண்டனில் அச்சிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறி வந்த 1821ஆம் ஆண்டு றிக்ஸ் டொலர் என்ற வெள்ளிக்காசிலும் நான்காம் ஜோர்ஜ் மன்னர் அதே கோலத்தில்தான் இருக்கிறார். மறுபக்கத்தைத் திருப்பினால் மனம் இளகும். அங்கே யானை நிற்கிறது.

ஆனாலும் என் ஓட்டு அதற்கு முந்தைய யானைக்கே. 1803 முதல் சில ஆண்டுகள் கொழும்பிலேயே அடித்த 24, 48, 96 ஸ்ரைவர் வெள்ளிக்காசுகளில் அரசர் முகமே கிடையாது. ஒருபுறம் நடுவில் எண், சுற்றிலும் 'சிலோன் அரசாங்கம்' என்ற ஆங்கில எழுத்து, மறுபுறம் யானை. தடித்த காசு, செப்பமில்லாத வேலை. சிலவற்றில் வட்டமும் கோணல். முத்திரை விலகி விழுந்திருக்கிறது. அடித்தவர் கை தெரிகிறதே, அதுதான் அழகு. 48 ஸ்ரைவர் சேர்ந்தால் ஒரு றிக்ஸ் டொலர்.

கொழும்புச் செட்டியார் தெரு நகைப் பத்தர்களுக்கு ராசா முகமென்ன, யானையென்ன? அவர்கள் எடையைத்தான் பார்த்திருப்பார்கள். 1825இல் பிரித்தானிய ஸ்ரேலிங் நாணய முறை வந்தபோது அரசாங்கமும் கணக்கில்தான் குறியாயிருந்தது: றிக்ஸ் டொலர் ஒன்றுக்கு ஒரு ஷிலிங் ஆறு பென்ஸ்.