புளியங்கொட்டை எழுத்து

பர்மாவின் கம்மவாசா சுவடியைப் பார்த்ததும் கண் தங்கத்தில்தான் போய் விழும். எனக்கு அதன் எழுத்துதான் அதிசயம். ஏட்டுக்கு ஐந்தாறு வரிதான் இருக்கும். கறுத்துத் தடித்த சதுர எழுத்துகள், தடவினால் விரலில் தட்டுப்படும் அளவுக்கு மேலெழும்பி நிற்கும். புளியங்கொட்டை எழுத்து என்றே பர்மியர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அன்றாட எழுத்து வட்டமானது, எழுத்தாணி ஓலையைக் கிழிக்காமல் வளைந்து வளைந்து பழகிய உருவம் என்பார்கள். கம்மவாசாவில் எழுத்தாணிக்கு வேலையில்லை, எழுதுவது அரக்கால். அதனால் பழைய சதுர வடிவம் அங்கே தாராளமாக உட்கார முடிந்தது.

இந்தப் பெரிய எழுத்துக்கு ஒரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். கம்மவாசா என்பது பௌத்த சங்கத்தின் சடங்குகளில் ஓதும் பாலி வாசகம். உபசம்பதா என்னும் துறவேற்பில், கோரிக்கையை ஒருமுறையும் அறிவிப்பை மும்முறையும் சொல்ல வேண்டும். உச்சரிப்புப் பிசகினால் சடங்கே செல்லாது என்பது மரபு. கண் தடுமாறக் கூடாத இடம் அது.

ஏட்டை ஓலை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் துணி, உடுத்திக் கழித்த துவராடையைக்கூடப் பயன்படுத்துவார்கள். அதன்மேல் தித்சி மரத்துப் பாலைப் பூசிப் பூசி விறைப்பாக்குவார்கள். நம்மூர் அரக்கு பூச்சி தருவது, இதுவோ மரம் தருவது. வடியும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டதும் கறுக்கும். வெயிலில் காய வைத்தால் சரிப்படாது, ஈரக்காற்றில்தான் இறுகும். அதற்காகவே பர்மாவின் பகான் ஊரில் பட்டறைகளுக்கு நிலவறை வைத்திருக்கிறார்கள். பூச்சுக்குச் சிவப்பு தருவது சாதிலிங்கம்.

தங்க அலங்காரம் செய்யும் முறையில் நான் சொக்கிப்போவேன். பொன் எங்கே வேண்டாமோ, அங்கேதான் முதலில் தூரிகை போகிறது! அரிதாரத்தை வேப்பம்பிசினில் குழைத்து அந்த இடங்களை எழுதி மறைப்பார்கள். மேலே மெல்லிய அரக்குப் பூச்சு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பொன்தகட்டை ஒட்டுவார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினால் அரிதாரம் கரைந்து, தன் மேலிருந்த பொன்னையும் கொண்டுபோகும். கொடியும் அன்னமும் தேவரும் சிவப்பில் பொன்னாகத் துலங்குவது அப்போதுதான்.

பொருள் மாறியும் உருவம் ஓலைச்சுவடியை விடவில்லை. அதே நீளவாக்கு, துளை, மேலும் கீழும் மரச்சட்டம். அச்சட்டத்திலும் பொன்வேலை உண்டு. மகன் துறவேற்கும்போது குடும்பத்தார் இப்படியொரு சுவடி செய்வித்து மடத்துக்குக் கொடுப்பது வழக்கம்.

சுவடிகளைத் துணியில் பொதிந்து கட்டும் நாடாவுக்கு சாஸிஜோ என்று பெயர். துளையிட்ட சிறு தகடுகளில் நூலைக் கோத்து, திருப்பித் திருப்பி நெய்தது. விரலகலம்தான், நீளமோ பல முழம். கொடையாளர் பெயர், செய்த புண்ணியம், நிர்வாணம் அடைய வேண்டும் என்ற வேண்டுதல் எல்லாம் நெசவிலேயே எழுத்தாக ஓடும். ரால்ஃப் ஐசக்ஸ் என்பவர் 2014-இல் இந்த நாடாக்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பல நாடாக்கள் சுவடியிலிருந்து அவிழ்க்கப்பட்டுத் தனியாக விலைபோய்விட்டன. யார் கொடுத்த சுவடி என்று சொல்ல வேண்டிய நாடா ஒருவரிடம், சுவடி வேறொருவரிடம். இந்தப் பிரிவினை எனக்கு ஆறவே இல்லை.