ஏறும் அண்ணே, ஆனா திரும்பாது

ருவான்வெல்லை டவுனில் நிறுத்தியிருக்கும் டபல் கெப்களைப் பின்னால் நின்று பாருங்கள். சிலவற்றில் டயர் மட்காட்டுக்குள் அடக்கமாக நிற்கும். சிலவற்றில் இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கதவுக் கைபிடி வரைக்கும் செம்மண் தெறித்திருக்கும். இரண்டும் ஒரே ஹைலக்ஸாக, ஒரே அளவு டயராகக்கூட இருக்கலாம். வித்தியாசம் ரிம்மின் உள்பக்கத்தில் வார்த்திருக்கும் ஓர் எண்ணில் இருக்கிறது. அதுதான் ஒப்செட். ரிம் வாங்கப் போகிறவர்கள் எத்தனை அங்குலம், எத்தனை ஓட்டை, என்ன விலை என்று கேட்பார்கள். இந்த எண்ணைக் கேட்பவர் அபூர்வம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கெப் பொன் விலைக்குப் போனதால், புதியது வாங்க முடியாதவர்கள் கையில் இருந்ததையே சோடித்தார்கள். பஞ்சிகாவத்தையில் அடுக்கியிருக்கும் ஜப்பான் ரிம்களும் சீன ரிம்களும் தோட்டப் பக்கம் நிறைய ஏறி வந்தது அப்படித்தான். அவற்றில் இரண்டு வகையை நண்பர் ஒருவரின் வீகோ ஹைலக்ஸில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஒன்று 9ஜே அகலம், ஒப்செட் பூச்சியம். மற்றது 8ஜே அகலம், ஒப்செட் பிளஸ் 20. ஒப்பிட்டுப் பார்க்க வண்டியோடு வந்த கம்பனி ரிம், 7.5ஜே, பிளஸ் 30. மூன்றும் 17 அங்குலம். மூன்றிலும் 265/65 டயர். கரவனெல்லைக்கு இறங்கி ஹட்டன் ரோட்டில் எட்டியாந்தோட்டைப் பக்கம் தார் ரோட்டிலும், பிறகு ரப்பர் தோட்டத்துக் கல்ரோட்டிலும் ஓட்டம்.

முதலில் கணக்கு. ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் மையக்கோடு ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில் போய் உட்காரும் தட்டையான முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளியிருக்கிறது என்பதே ஒப்செட். முகம் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ். சில்லு வண்டிக்குள் போகும். உள்பக்கம் இருந்தால் மைனஸ். சில்லு வெளியே வரும். ரிம்மில் ‘ஈடி 30’ என்று வார்த்திருந்தால் பிளஸ் 30 என்று எடுத்துக்கொள்ளலாம். பேக்ஸ்பேசிங் இன்னொரு கோணத்து அளவு. அதே முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரைக்கும் உள்ள தூரம் அது. அமெரிக்க ரிம்களில் அங்குலத்தில் சொல்வார்கள். சில்லு உள்ளே எதில் இடிக்கும் என்பதை நேரடியாகச் சொல்வது இந்த இரண்டாவது எண்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒப்செட்டை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை. அகலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 8ஜே என்றால் டயர் உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கு இடையே 8 அங்குலம். விளிம்புக்கு விளிம்பு அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும். ஆகவே பேக்ஸ்பேசிங் வேண்டுமானால், அகலத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கி, ஒப்செட்டை 25.4 ஆல் வகுத்து அதோடு சேர்க்க வேண்டும். கம்பனி ரிம்முக்கு 5.4 அங்குலம் வருகிறது, 8ஜேக்கு 5.3, 9ஜேக்கு 5. உள்பக்கத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 9ஜே ரிம் 11 மில்லிமீற்றர் இடம்கூட விடுகிறது. வெளிப்பக்கத்துக்கு வந்தால் கதை வேறு. கம்பனி ரிம்மைவிட 8ஜே ரிம் 16 மில்லிமீற்றர்தான் வெளியே நிற்கிறது. 9ஜே ரிம் 49 மில்லிமீற்றர் நிற்கிறது, பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம்.

தார் ரோட்டில் அந்த 9ஜே செட்டைக் குறை சொல்ல மாட்டேன். தடம் 60 மில்லிமீற்றர் அகலமானதால் வளைவுகளில் வண்டி அழுத்தமாக உட்கார்ந்து போகிறது. பார்க்கவும் ஜோர்தான், மறுக்கவில்லை. தோட்டத்துக்குள் திரும்பியதும் நிலைமை மாறிவிட்டது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயரின் வெளி ஓரம் மட்பிளாப்பிலும் உள் பிளாஸ்டிக்கிலும் உரசுகிறது. சில்லு வெளியே போகப்போக, திரும்பும்போது அது வரையும் வட்டமும் பெரிதாகும். நேராக நிற்கும்போது இருக்கிற இடைவெளி திரும்பும்போது இருப்பதில்லை. ரிம்மை மாட்டிய டயர் கடை பாஸ் வண்டியை இறக்கும்போதே சொன்னார், “ஏறும் அண்ணே, ஆனா திரும்பாது.” தோட்ட ரோட்டில் ஒரே மூச்சில் திரும்ப வேண்டிய வளைவை இரண்டு தரம் பின்னுக்கெடுத்துத் திரும்புவதென்றால், பக்கத்தில் கான் இருக்கிறதை மறக்கக்கூடாது.

இடிப்பதைவிடக் கவலைக்குரியது ஸ்டியரிங்கில் வரும் உதை. முன்சில்லு திரும்பும் அச்சை மேலும் கீழும் உள்ள இரண்டு பந்து மூட்டுகள் தீர்மானிக்கின்றன. அந்த அச்சை நிலம் வரைக்கும் நீட்டினால் டயரின் நடுவுக்குக் கிட்ட வந்து தொடும்படி கம்பனி அமைத்திருக்கும். ஒப்செட் பிளஸ் 30இலிருந்து பூச்சியத்துக்கு வந்தால் டயரின் நடு அந்த இடத்திலிருந்து 30 மில்லிமீற்றர் விலகிவிடும். அகலம் எவ்வளவு என்பது இதில் சேராது, ஒப்செட்தான் கணக்கு. ஒரு பக்கச் சில்லு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு சில்லு சேற்றிலும் மற்றது கல்லிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் இன்னும் இழுக்கும். மழை விட்டபிறகு கல்ரோட்டில் இறங்கும்போது இதைக் கையில் நன்றாக உணர முடிந்தது. 8ஜே செட்டில் அந்த விலகல் 10 மில்லிமீற்றர்தான்; கம்பனி ரிம்முக்கும் அதற்கும் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பெயாரிங் உடனே சத்தம் போடாது, மாதங்கள் கழித்துத்தான் போடும். பால் வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒரே பாரம்தான், ஆனால் தோள்பட்டைக்கு ஒன்றல்ல. பெயாரிங்குக்கும் பந்து மூட்டுக்கும் கணக்கு அதுதான். உர மூட்டை ஏற்றிக் குழியில் இறங்கும் கெப்பில் வெளிப் பெயாரிங் தாங்கும் சுமை கூடிக்கொண்டே போகும். சும்மா டவுனுக்கும் கோவிலுக்கும் போகிற வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை என்று வாதிடலாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஓடுகிற கெப் எத்தனை?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆறு ஓட்டை, 139.7 மில்லிமீற்றர் வட்டம் என்பது ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ், போர்ட் ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் பொது. அதனால் எந்த ரிம்மும் எதிலும் ஏறும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. நடு ஓட்டை ஒன்றல்ல. ஹைலக்ஸுக்கு 106.1 மில்லிமீற்றர், ரேஞ்சருக்கு 93.1, எல்200க்கு 67.1. ரேஞ்சர் ரிம் ஹைலக்ஸ் ஹப்பில் உட்காரவே உட்காராது. லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெருப்பித்தால் உட்காரும். அதன்பிறகுதான் அந்த ரிம்மின் ஒப்செட் பிளஸ் 55 என்பது தெரியவரும். 8ஜே அகலத்தில் அது கம்பனி அளவைவிட 31 மில்லிமீற்றர் உள்ளே போகும். மேல் ஆர்ம் பக்கம் இருக்கிற இடைவெளி அதற்குப் போதாது. ஹைலக்ஸ் ரிம்மை எல்200இல் போட்டால் நடு ஓட்டையைச் சுற்றி வெறும் இடைவெளி. ரிம்மை மையத்தில் நிறுத்தும் வேலை முழுதும் நட்டின் தலையில் விழும். வேகம் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பெலன்சிங்கைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். ஹப் வளையம் போட்டால் தீரும்.

நட்டையும் கவனிக்க வேண்டும். டொயோட்டாவின் சொந்த அலோய்க்கு வரும் நட்டில் தட்டை வொஷர் இருக்கும். வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு நட்டுக்கு வெட்டியவை. மாற்றிப் போட்டால் இறுகியது போல இருந்து ஓட்டத்தில் தளரும். எதுவானாலும் புது ரிம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் டோர்க் ரென்ச்சால் ஒரு தரம் பாருங்கள்.

பெரிய ரிம் வாங்கப் பணமில்லாதவர்கள் ஸ்பேசர் போடுகிறார்கள். 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் என்றால் ஒப்செட்டில் 25 கழிந்தது என்று அர்த்தம், ஆகவே மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். ஹப்பில் தனியாக முடுக்கி, தனக்கென்று ஸ்டட் உள்ளதாயிருந்தால் யோசிக்கலாம். பழைய ஸ்டட்டில் சும்மா சொருகும் தட்டு வகையைத் தொடவே வேண்டாம். நட்டுக்குப் பிடிக்கப் புரி மிஞ்சாது.

கொழுந்து லொறிக்கு ஒப்செட் அழகுப் பிரச்சினையே அல்ல. பின்னால் இரட்டைச் சில்லு உள்ள எல்பில் ஒரே ரிம்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது. பின்னால் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து மாட்டுகிறோம். இரண்டு டயர்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒப்செட்டைப் போல இரண்டு மடங்கு. குறைந்த ஒப்செட் ரிம்மைக் கலந்து போட்டாலோ, ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கினாலோ, பாரம் ஏறியதும் இரண்டு டயரின் வயிறும் முட்டிச் சூடாகும். நடுவில் கல் சிக்கினால் வெட்டும்.

கடையில் என்ன செய்வது? எண் அழிந்துபோன ரிம்மாக இருந்தால் டயரைக் கழற்றி, ரிம்மின் வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். உள்விளிம்பின் மேல் நேரான ரீப்பை ஒன்றைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப் முகம் வரைக்கும் டேப்பால் அளவெடுங்கள். கிடைப்பது பேக்ஸ்பேசிங். டயரோடு அளந்தால் டயரின் வயிறு ரிம் விளிம்பைத் தாண்டி நிற்பதால் எண் தப்பும். கூடவே ஜப்பான் ரிம்மில் ‘ஜேடபிள்யூஎல்-டி’ என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது லொறி, பஸ் வகைக்கான சோதனை முத்திரை. டி இல்லாதது கார்களுக்கானது. ரிம்மில் வார்த்திருக்கும் கிலோ எண்ணும் உங்கள் பாரத்துக்குப் போதுமானதா என்று பாருங்கள். சட்டமும் இருக்கிறது. கூட்டிச் சேர்த்த உதிரிகள் மீது பொலிஸ் 2025 தொடக்கத்திலிருந்து கண்வைத்திருக்கிறது. மட்காட்டுக்கு வெளியே நிற்கும் டயர் தூரத்திலேயே தெரியும்.

என் தீர்ப்பு: வேலை செய்யும் ஹைலக்ஸுக்கு 8ஜே, பிளஸ் 20 முதல் 30 வரை. அதில் அழகும் இருக்கிறது, வளைவும் ஒரே மூச்சில் திரும்புகிறது. 9ஜே பூச்சியம் வேண்டுமென்றால் மட்காட் விரிப்பும் சேர்த்து வாங்குங்கள், பெயாரிங்குக்கும் தனியாகக் காசு ஒதுக்கி வையுங்கள். ஒப்செட் என்னவென்று சொல்லத் தெரியாத கடையில் முற்பணம் கொடுக்காதீர்கள்.