மணியோசையும் ஒரு மரணமும்

பண்டிகை நாளில் ஒரு கொலை நிகழ்வதாகக் கதை புனைவது ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர்களுக்கு நெடுநாளைய பழக்கம். வெளியே பனி கொட்டும்; உள்ளே கணப்பு எரியும்; உறவினர் கூடியிருப்பர்; அவர்களுள் ஒருவர் பிணமாவார். அகதா கிறிஸ்டி 1938-இல் எழுதிய 'ஹெர்குல் பொய்ரோவின் கிறிஸ்துமஸ்' இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. இறந்தவர் எவருடைய கண்ணீருக்கும் உரியவரல்லாத கொடுமைக்காரர் ஆதலால் படிப்பவர் மனம் நோவதில்லை. புதிர் அவிழ்ந்ததும் வீடு அமைதி பெற்றுவிடும். பண்டிகை இங்கே வெறும் திரைச்சீலை. அதைக் கழற்றிவிட்டுக் கோடை விடுமுறையை மாட்டினாலும் கதைக்குப் பெரிய குறை நேராது.

டோரதி எல். சேயர்ஸ் 1934-இல் வெளியிட்ட 'தி நைன் டெய்லர்ஸ்' நாவலில் அப்படி மாற்ற இயலாது. பண்டிகைக்கென எழுப்பும் இசையே அதில் மரணத்துக்குக் காரணமாகிறது. துப்பறியும் நூலின் முடிவை வெளியிடுவது விமரிசகனுக்கு அடாது என்பர். இந்நூலைப் பொறுத்தவரை முடிவைச் சொல்லாமல் அதன் தகுதியைப் பேச வழியில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள சதுப்புநிலப் பகுதியில் ஒரு சிற்றூர். புத்தாண்டை வரவேற்க அவ்வூர்த் தேவாலயத்தின் 8 மணிகளையும் இரவு முழுவதும் ஒலிக்கப் பாதிரியார் ஏற்பாடு செய்கிறார். மணிக்கு ஒருவராகக் கயிற்றைப் பிடித்து, ஒலிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போவது அந்நாட்டாரின் கலை. அதில் பாட்டும் இல்லை, பண்ணும் இல்லை. ஏறக்குறைய கணிதம் எனலாம். 8 மணிகளை 40,320 வரிசைகளில் ஒலிக்க முடியும். கதையில் 9 மணி நேரத்தில் 15,840 மாற்றங்கள் ஒலிக்கின்றன. ஒலிப்போருள் வில் தோடே என்பவர் இன்புளுவென்சா காய்ச்சலில் விழவே, கார் பனியில் சறுக்கியதால் அங்கே தங்க நேர்ந்த துப்பறிவாளர் லார்டு பீட்டர் விம்சி அவருடைய கயிற்றை ஏற்கிறார்.

அந்த இரவைப் படிக்கையில் நமக்கும் களிப்பே உண்டாகிறது. ஈஸ்டர் வேளையில் ஒரு கல்லறையைத் திறக்கும்போது, கைகள் வெட்டப்பட்டு முகம் சிதைந்த அயலான் ஒருவனின் பிணம் அங்கே கிடக்கிறது. மரகத மாலை திருடிய பழைய குற்றவாளி அவன். போரின்போதே இறந்ததாக நம்பப்பட்டவன். அவனுடைய மனைவியைத்தான் வில் தோடே பின்னர் மணந்திருந்தார். திரும்பி வந்தவனைப் பணம் கொடுத்து அனுப்பிவிடும் எண்ணத்துடன் மணிக்கூண்டில் கட்டிவைத்தார். மறுநாள் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. கட்டுண்டவன் தலைமேல் 9 மணி நேரம் மணிகள் முழங்கின. அவன் மாண்டது அந்த ஓசையால். பிணத்தைக் கண்ட தம்பி அண்ணன்தான் கொன்றான் என்று எண்ணி அதை மறைக்கிறான். அண்ணனோ தம்பியை ஐயுறுகிறார். ஒருவரையொருவர் காக்க இருவரும் வாய்மூடியிருக்கும் பகுதி, நூலில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி.

அமெரிக்க விமரிசகர் எட்மண்ட் வில்சன் 1945-இல் இந்நாவலைக் கடுமையாகச் சாடினார். மணியொலிக்கும் முறைபற்றிய விளக்கங்கள் அவருக்குப் பெருஞ் சலிப்பைத் தந்தன. சில பக்கங்களில் நமக்கும் அச்சலிப்பு ஏற்பட்டதுண்டு. பாதிரியாரின் மணிப்பித்தை ஆசிரியையும் அளவின்றிப் பகிர்ந்துகொள்கிறார். ஆயினும் அப்பக்கங்களைத் தள்ளிப் படிப்பவர் நூலை இழந்தவராவார். அந்த நீண்ட இரவை நாமும் கயிறு பிடித்தவர்களோடு கழித்திருக்க வேண்டும். நாம் சுவைத்த அதே நாழிகைகளில் மேலே ஒருவன் துடித்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். கிறிஸ்டியின் நாவலில் கொலையாளியைக் காட்டியதும் மற்றவர் கைகழுவிக்கொள்ளலாம். இங்கே கொலைகாரன் என்று சுட்ட ஒருவரும் இல்லை. கயிறு இழுத்த கைகளே உள்ளன, அவற்றுள் துப்பறிவாளரின் கைகளும் அடங்கும்.

ஓசை மட்டுமே ஒரு மனிதனைக் கொல்லுமா என்னும் ஐயத்துக்கு இடமுண்டு. வெள்ள அபாயத்தை அறிவிக்க மணிகள் முழங்கும்போது விம்சியே கூண்டினுள் சிக்கி அந்த வேதனையை அறியும் காட்சி, படிக்கும் வரையிலேனும் அவ்வையத்தை அடக்கிவிடுகிறது. நாம் பெரிதாகக் கருதும் குறை வேறு. பிறரைக் காக்க முயன்று வில் தோடே வெள்ளத்தில் மாண்டுபோகிறார். கட்டிவைத்தவரின் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வி அவரோடு மூழ்குகிறது. இது ஆசிரியைக்கு மிக வசதியான வெள்ளம். அவர் மனைவி மேரியின் உள்ளமோ நமக்குத் திறக்கப்படவே இல்லை. இறந்ததாக நம்பிய கணவன் உயிரோடிருந்தான் என்று அறிந்த பெண்ணுக்கு இன்னும் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கலாம். விம்சியும் பழியை மணிகள்மீது வைத்துவிட்டு அமைதி கொள்கிறார். தம் கைகளைப்பற்றி அவர் இன்னும் சற்றுப் பேசியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.